பிள்ளை பெற்ற வீடு, படிக்கிற பிள்ளை, கொல்லையில் ஒரு நாய்: டெல்டாவில் பராமரிப்பு வேலை தொடங்குகிறவர்களுக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் ஒரு பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தால் அந்த வீட்டில் என்னென்ன மாறும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது பிரசவம் என்றால் மூத்த பிள்ளையும் கூடவே வந்துவிடும், அதன் பள்ளிக்கூடம் அங்கேயே நின்றுபோகும். அதுவரை திண்ணை வரைக்கும் தாராளமாக வந்துபோன நாயைக் கைக்குழந்தை வரப்போகிறது என்று சொல்லி ஒரே நாளில் கொல்லையில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். பச்சை உடம்புக்காரி ஒருத்தி, படிப்பு பாதியில் நிற்கும் பிள்ளை ஒன்று, காரணம் புரியாமல் ராத்திரியெல்லாம் குரைக்கும் நாய் ஒன்று. இத்தனையையும் தலையில் போட்டுக்கொள்வது பெரும்பாலும் சுகருக்கு மாத்திரை போடுகிற, முழங்கால் வலியோடு நடக்கிற ஒரு அம்மாயிதான், பிரசவத்துக்கு வந்தவளின் அம்மா.

மூன்றுக்கும் தனித்தனியாக ஆள் வைக்க எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் மூன்றும் தெரிந்த இரண்டு மூன்று பேர் சேர்ந்த ஒரு சின்னக் குழு, காலையில் ஒன்றரை மணி நேரமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரமும் அந்த வீட்டுக்குப் போய்வந்தால் அந்த அம்மாயி தூங்கலாம். இந்த வேலையைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய முதலீடு வேண்டாம், நேரம் தவறாமல் போக வேண்டும், பார்த்ததை அன்றன்றைக்கு எழுத வேண்டும், நம் கையை மீறியது எது என்று தெரிந்து உடனே உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். பாக்கியெல்லாம் செய்யச் செய்ய வரும்.

முதலில், எதைச் செய்ய மாட்டோம் என்பது

வீட்டுக்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிடுங்கள். ஊசி போட மாட்டோம். சீட்டில் எழுதாத மருந்தைத் தாய்க்கோ குழந்தைக்கோ நாய்க்கோ கொடுக்க மாட்டோம். நர்ஸ் என்றோ டாக்டர் என்றோ எங்களைச் சொல்லிக்கொள்ள மாட்டோம். பிள்ளையை அடித்துச் சொல்லித்தரச் சொன்னால் அது நடக்காது. கடிக்கும் என்று தெரிந்த நாயை வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளாமல் தொட மாட்டோம். இப்படிச் சொன்னால் வேலை கிடைக்காது என்று பயப்படுகிறார்கள். இங்கே ஒரு தெருவில் ஒரு வீடு நம்பினால் அந்தத் தெருவே நம்பும், அந்த நம்பிக்கை இந்தத் தாளில்தான் தொடங்குகிறது.

யாரைச் சேர்த்துக்கொள்வது? ஊரில் குழந்தை குளிப்பாட்டும் ஆயா ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரை விட்டுவிடாதீர்கள், அவர் கைக்கு இருக்கும் பக்குவம் வேறு யாருக்கும் இருக்காது. அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், பிள்ளைகளை உட்காரவைத்துப் பழகியவர்கள். நாய்க்கு, ஆடு மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளை யாராவது, பயமும் இல்லாமல் முரட்டுத்தனமும் இல்லாமல் மிருகத்தின் பக்கத்தில் நிற்கத் தெரிந்தவராக. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கொஞ்ச நாள் கைகட்டி உட்கார்ந்து பார்க்கட்டும். குழந்தை எத்தனை தடவை வாய் திறந்து பால் தேடியது, நாய் எப்போது வாலைத் தாழ்த்தியது, பிள்ளை எந்த எழுத்துக்கு முன்னால் தயங்கியது என்று எழுதட்டும். பார்க்கத் தெரியாதவர் கையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

நாய் வேலை செய்கிறவர்கள் வெறிநோய்க்கு முன்கூட்டியே போடுகிற ஊசியைப் போட்டுக்கொள்வது நல்லது, எல்லோரும் டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி தடுப்பூசிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இருமலோ காய்ச்சலோ இருந்தால் அன்று பிரசவ வீட்டுக்குப் போகக் கூடாது. பதிலுக்குப் போக ஆள் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இதைத் தனியாளாகச் செய்யாதீர்கள் என்கிறேன்.

பிரசவ வீடு

வேலை வளைகாப்பிலிருந்து தொடங்குகிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு வந்ததும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) இருக்கிறதா, கர்ப்பிணி அட்டை எங்கே, இந்த ஊர் கிராம சுகாதார செவிலியருக்கு இவர் வந்திருப்பது தெரியுமா, இந்த மூன்றையும் கேளுங்கள். மாமியார் ஊரில் பதிந்துவிட்டு இங்கே வந்ததும் இரண்டு ஊர் செவிலியருக்கும் நடுவில் பெயர் விட்டுப்போவது சாதாரணமாக நடக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய்க்கு உதவி கிடைக்கிறது, அதற்கும் இந்தப் பதிவுதான் ஆதாரம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதையும் அப்போதே முடிவு செய்யச் சொல்லுங்கள். சிக்கலான பிரசவம் என்றால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள், ராத்திரியில் அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று குடும்பம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகு நம் வேலையில் பாதி, வீட்டுப் பெரியவர்களோடு பேசுவதுதான். அம்மாயியும் அப்பாயியும் சொல்வதை ஒரேயடியாக மறுத்தால் அடுத்த நாள் கதவு திறக்காது. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, கருவாடு, பிரசவ லேகியம் எல்லாம் இருக்கட்டும், பெற்றவளுக்குச் சத்தான சாப்பாடு வேண்டும். (ஆபரேஷன் செய்தவருக்கோ பிரஷர் உள்ளவருக்கோ டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு.) ஆனால் 'தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்' என்று தண்ணீரைக் குறைக்க விடக்கூடாது. பால் கொடுக்கிற உடம்பு அது. தாகத்துக்குத் தண்ணீர் இல்லையென்றால் உடம்பு வறண்டு சோர்ந்து போகும், மலச்சிக்கல் வரும், நீர்க்கடுப்பு வரும். நான் செய்வது இது: ஒரு செம்பு வெந்நீரைப் பால் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவேன், வெந்நீர் என்றால் பெரியவர்கள் மறுப்பதில்லை.

குளிப்பாட்டுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆயாவின் கைப்பக்குவமும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருப்பது இங்கேதான். மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, இரண்டு கணுக்காலுக்கும் நடுவில் குழந்தையின் தலை பதிகிற மாதிரிக் கிடத்துகிறார் பாருங்கள், அதைவிடப் பத்திரமான பிடி கிடையாது, அதைக் கற்றுக்கொள்ளுங்கள். வளையல், மோதிரம் கழற்றி, நகம் வெட்டி, முழங்கையை நனைத்துத் தண்ணீரின் சூடு பார்த்த பிறகே தொடவேண்டும். எண்ணெயை மெதுவாக உடம்பில் தடவலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, மார்க்காம்பைப் பிதுக்குவது, இவற்றை எல்லாம் நிறுத்த வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும், பிதுக்கினால் சீழ் பிடிக்கும். சாம்பிராணியைக் குழந்தையின் முகத்துக்கு நேரே காட்டாமல் வேறு அறையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தொப்புளில் எதையும் பூச வேண்டாம், காய்ந்து தானாக விழட்டும், அதுவரை உடம்பைத் துடைத்தால் போதும். ஆயாவிடம் இதைத் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள், நாலு பேர் முன்னால் திருத்தாதீர்கள்.

சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டவிடாதீர்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது. முதல் வாரம் தாண்டியதும் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம், இதைச் சொன்னாலே 'பால் பத்தலையோ' என்ற பயம் பாதி போய்விடும். பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும்.

எப்போது ஆஸ்பத்திரி என்பதைச் சுவரில் ஒட்டிவையுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானாலோ, வெட்டி இழுத்தாலோ, தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலோ உடனே 108. தாய்க்கு ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், காய்ச்சல், நாற்றமடிக்கும் போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கடும் தலைவலியோடு பார்வை மங்குவது, இதற்கும் அப்படியே. பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரைக்கும் பிரஷர் ஏறலாம், 'குழந்தைதான் பிறந்தாச்சே' என்று தள்ளிவிடக் கூடாது.

மனசைப் பற்றி ஒன்று. முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலானவர்களுக்கு உண்டு. இரண்டு வாரம் தாண்டியும் அது போகவில்லை, குழந்தையைத் தூக்க மனமில்லை, தூங்க நேரம் கிடைத்தாலும் தூக்கம் வரவில்லை, செத்துப்போகலாம் என்று பேச்சு வருகிறது என்றால் அது நோய், மருந்து இருக்கிறது. செத்துப்போகிற பேச்சு வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அவரைத் தனியாக விடாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். 14416 டெலி மனஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். காத்து கருப்பு என்று யாராவது தொடங்கினால் திருநீறு போட்டுக்கொள்ளட்டும், டாக்டரிடமும் போகட்டும் என்று சொல்லிப் பாருங்கள். பெண் குழந்தை பிறந்த வீட்டில் இதை இன்னும் உன்னிப்பாகக் கவனியுங்கள், அங்கே அவள் காதில் விழுகிற வார்த்தைகள் வேறு.

நாய்

பிரசவ வீட்டு நாயின் பிரச்சினை நம் பக்கத்தில் ஒரு விதம். பெண் கல்யாணமாகிப் போன பிறகு வாங்கிய நாயாக இருக்கும், அதற்கு இவரே புது ஆள், அப்புறம் குழந்தை. நல்லவேளையாக வளைகாப்புக்கும் பிரசவத்துக்கும் நடுவில் கொஞ்ச நாள் இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். நாய் இனி எங்கே படுக்கும், யார் சோறு வைப்பது, எத்தனை மணிக்கு வெளியே கூட்டிப்போவது என்பதை அந்த நாட்களிலேயே மாற்றிவிட்டால், குழந்தை வந்ததால்தான் எல்லாம் போச்சு என்று நாய்க்குப் படாது. ரேழியில் இடுப்பளவு தட்டி ஒன்று போட்டு, அதற்கு அந்தப் பக்கம் இருந்தபடி வீட்டைப் பார்க்கப் பழக்குங்கள். சோறு வைக்கும்போது குழந்தை அழுகிற சத்தத்தைப் போனில் மெதுவாக ஓடவிட்டு, நாள் போகப்போகக் கூட்டுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைச் சுற்றிய துணி ஒன்றை முன்னால் கொண்டுவந்து, நாயைத் தொலைவில் இருந்தே மோப்பம் பிடிக்கவிடலாம். வீட்டுக்கு வரும் அன்று, ஆரத்தி எடுத்து எல்லோரும் கூடி நிற்கிற நேரத்தில் நாய் அங்கே இருக்க வேண்டாம், தெரிந்த ஆள் ஒருவர் அதை வரப்புப் பக்கம் நடத்திக் கூட்டிப்போகட்டும். கூட்டம் அடங்கியதும் சங்கிலியோடு, தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும். உதட்டை நக்குகிறதா, தூக்கம் வராத நேரத்திலும் கொட்டாவி விடுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிறதா, உடம்பு விறைக்கிறதா, இதெல்லாம் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று நாய் சொல்கிற விதம். அப்போது அதட்டாமல் தூரத்தைக் கூட்டுங்கள். உறுமுகிற நாயை அடித்து உறுமலை நிறுத்தினால், அடுத்த தடவை அது உறுமாமலே கடிக்கும். எவ்வளவு சாதுவான நாயானாலும் குழந்தையோடு தனியாக ஒரு நிமிடம்கூட விடக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

மருந்து விஷயம்: மூன்று மாதத்தில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஒரு பூஸ்டர், அப்புறம் வருஷா வருஷம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டிப் பல கால்நடை மருந்தகங்களில் இலவச முகாம் வைப்பார்கள். வயல் பக்கத்து நாய்கள் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் நாளெல்லாம் புரளுகின்றன, அதனால் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து வரும் கூட்டுத் தடுப்பூசியைக் கேட்டுப் போடுங்கள், அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். குடல்புழு மருந்து, உண்ணி மருந்து இரண்டையும் குழந்தை வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிரசவ வீட்டில் மிச்சமாகும் பூண்டுக் குழம்புச் சோறு நாய்க்குத்தான் போகும், பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், அதைத் தடுத்தாக வேண்டும். வயலில் எலி மருந்து வைக்கும் பருவத்தில் நாயை அவிழ்த்துவிடக் கூடாது, செத்த எலியைத் தின்றாலும் ஆபத்துதான். உள்ளூர் மருந்தகத்தில் முடியாதது என்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நம் மாவட்டத்துக்கு அது பெரிய வரம்.

யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம், அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். அங்கே தோலில் போடும் ஊசிக்குக் கணக்கு 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்கள், மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய, நாலாவதைத் தேதி குறித்து நினைவுபடுத்துங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் ஊசியும் வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

படிக்கிற பிள்ளை

தாயோடு வந்த மூத்த பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்காமல், எதுவரை வாசிக்கிறது என்று பாருங்கள். எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை, இந்த வரிசையில் வாசிக்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், நாலாம் வகுப்புப் பிள்ளை சொல்லோடு நின்றால் சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதையும் கவனியுங்கள், கண்ணாடி போட்டதும் சரியான பிள்ளைகள் எத்தனையோ. கண்ணும் காதும் நன்றாக இருந்து, பேச்சில் சுட்டியாக இருந்து, எழுத்து மட்டும் மாறி மாறிப் போகிறது என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் வருகிறது, சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. மக்கு என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான்.

வாசிக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு நாய் நல்ல துணை. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் 1999-ல் நாய்க்குப் பக்கத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை வாசிக்கவைக்கும் திட்டம் தொடங்கினார்கள், பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. நாம் திண்ணையிலேயே செய்யலாம். தடுப்பூசி போட்ட, பிள்ளைகளோடு பழகிய, வயதான நாயாகப் பாருங்கள், பெரியவர் ஒருவர் சங்கிலியைப் பிடித்தபடி கூடவே உட்காரட்டும், 'ஆடு'க்கும் 'ஆறு'க்கும் நடுவில் பிள்ளை திணறும்போது நாய் திருத்தாது, சிரிக்காது, அது பாட்டுக்குக் காதை ஆட்டிக்கொண்டு படுத்திருக்கும். பிள்ளை தானே திரும்பிப்போய் அந்த வரியை மறுபடி வாசிக்கும். நாயைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தம்பிப் பாப்பாவிடம் போக வேண்டும்.

தம்பி பிறந்ததிலிருந்து பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறது என்றால் அதற்கென்று ஒரு வேலை கொடுங்கள், நாய்க்குத் தண்ணீர் வைப்பது, குழந்தையின் மூத்திரக் கணக்கை நோட்டில் கோடு போடுவது, இப்படி. கோடு போடுவதே எண்ணிக்கைப் பாடம் ஆகிவிடும். பிள்ளையிடம் யாராவது தப்பாக நடந்துகொள்வது தெரிந்தால் குடும்ப மானம் என்று மூடிவைக்க நமக்கு உரிமை இல்லை, போக்சோ சட்டப்படி தெரிந்தவர் சொல்லியே ஆகவேண்டும், எண் 1098.

நோட்டு, நேரம், கூலி

வீட்டுக்கு ஒரு நோட்டு, அது அந்த வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு பக்கத்தில் தாய், குழந்தை, பிள்ளை, நாய் என்று நாலு கட்டம், தேதி, வந்த நேரம், பார்த்தது. கருத்து எழுதாதீர்கள், கண்ணால் கண்டதை எழுதுங்கள்: 'சரியாகச் சாப்பிடவில்லை' என்பதைவிட 'காலை ஒரு இட்லி, மதியம் சாப்பிடவில்லை' என்பது டாக்டருக்கு உதவும். ஒரே நாளில் பல வீடு போனால் கைக்குழந்தை வீடு முதலில், நாய் வேலை கடைசியில், நடுவில் உடுப்பு மாற்றுங்கள்.

இங்கே ஆண்டுக் கணக்கே ஆற்றைப் பொறுத்தது. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கிற வருஷம், பள்ளிக்கூடம் திறப்பதும் குறுவை வேலையும் ஒன்றாக வந்து, வீட்டில் பெரியவர்கள் நடவுக்குப் போய்விடுவார்கள், அப்போது காலை நேரத்துக்குத்தான் ஆள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலை துண்டிக்கும், கரண்ட் போகும், தீபாவளி வெடிக்கு நாய்கள் ஓடிப்போகும். 2018 நவம்பரில் கஜா வந்தபோது வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை மறக்க முடியாது. அதனால் அக்டோபருக்குள் தேதி நெருங்கிய கர்ப்பிணிகளின் பட்டியலைக் கிராம செவிலியரோடு உட்கார்ந்து சரிபார்த்து, புயல் எச்சரிக்கை வந்தால் யாரை எந்த ஆஸ்பத்திரிக்கு முன்னாலேயே அனுப்புவது என்று பேசிவையுங்கள்.

கூலியைக் கூச்சப்படாமல் பேசுங்கள். உங்கள் ஊரில் அதே நேரத்துக்கு நடவு ஆளுக்கு என்ன கொடுக்கிறார்களோ அதற்குக் குறையாமல். புடவை, அரிசி கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கூலிக்குப் பதிலாக வேண்டாம், மருத்துவச்சிகளின் உழைப்பு அப்படித்தான் கணக்கில் வராமலே போனது. முடியாத குடும்பத்துக்குக் குறைத்துக்கொள்வது உங்கள் விருப்பம், ஆனால் உதவியாளரின் சம்பளத்தில் குறைக்காதீர்கள். சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவை இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், அதற்குக் காசு கேட்பவரிடம் போகாதீர்கள். வருஷ வரவு 20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பெண்ணைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடும்போது ஒப்படைப்பைச் சுருக்கிவிடாதீர்கள். நோட்டை அவரிடமே கொடுங்கள். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகளில் எது பாக்கி, ஒன்பதாம் மாத ஊசி எந்தத் தேதி என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். மூத்த பிள்ளை எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறது என்று அதன் டீச்சருக்கு ஒரு சீட்டு. அந்த வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் தட்டியை முன்னாலேயே போடச் சொல்லி மாப்பிள்ளையிடம் நேரில் பேசிவிடுங்கள். இங்கே கொல்லையில் இருக்கும் நாயை, அவர்கள் வண்டி கிளம்பிய அன்று சாயங்காலமே அவிழ்த்துத் திண்ணைக்கு விட்டுவிடாமல், பழைய நேரத்துக்குச் சோறும் நடையும் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள், அந்த வாரம் மட்டும் நீங்களும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.